சலூன்ல சம்பள வித்தியாசம், மணிப்பூர் பொண்ண நடத்துற விதம்: எப்படி கேக்கறது?

கத்தரிக்கோல்:
அண்ணா நகர்ல ஒரு சலூன்ல ஆறு வருஷமா ஹேர் ஸ்டைலிஸ்ட், மொத்தம் 14 பேர் ஸ்டாஃப். போன வருஷம் சேர்ந்த பையனுக்கு கலரிங் எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன், இப்ப அவனுக்கு என்னைவிட 4000 ரூபா ஜாஸ்தின்னு தெரிஞ்சுது. ஓனர்கிட்ட கேட்டா "அவன் குடும்பத்த காப்பாத்தணும்மா, உனக்குதான் வீட்டுக்காரர் இருக்காரே"ங்கறாரு. எங்க வீட்டு வாடகையே என் சம்பளத்துலதான் போகுது.

இன்னொண்ணு, கூட வேலை பாக்குற மணிப்பூர் பொண்ணு, 2023 கலவரத்துக்கு அப்புறம் சூரசந்த்பூர்லேந்து வந்தவ. அவளுக்கு எங்க எல்லாரையும்விட கம்மி. மேனேஜர் அவள பேர் சொல்லி கூப்பிட்டதே இல்ல, "ஏ நேபாளி"தான். ஒரு கஸ்டமர் வர்றப்பல்லாம் "மசாஜும் பண்ணுவியா"ன்னு கேப்பான், மேனேஜர் சும்மா நிப்பாரு. போன சனிக்கிழமை டவல் ரூம்ல உக்காந்து அழுதா, நான் ஒரு வார்த்தை பேசாம வந்துட்டேன். அதுலேந்து தூக்கம் வரல. வேலை போகாம எப்படி கேக்கறது?

புரசைவாக்கம்_கார்த்தி:
அக்கா பேசாம வேற சலூன் பாருங்க, ஆறு வருஷ அனுபவத்துக்கு நாளைக்கே எடுத்துப்பாங்க.

வசந்தி_எச்ஆர்:
கார்த்தி, இவங்க போயிடலாம், அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? கத்தரிக்கோல், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே சம்பளம்னு 1976லயே சட்டம் வந்துடுச்சு, இப்ப அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு. வீட்டுக்காரர் சம்பாதிக்கறது அதுல ஒரு காரணமே கிடையாது. மசாஜ் பேச்சு 2013 பாலியல் துன்புறுத்தல் சட்டத்துல வரும். 10 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பாத்தா உள் புகார் குழு வச்சே ஆகணும், வெளிலேந்து வர்ற ஆளுங்களால தொல்லை வராம பாத்துக்கறதும் ஓனர் பொறுப்புதான். குழு இல்லன்னா மாவட்ட அளவுல இருக்கிற லோக்கல் கமிட்டில குடுக்கலாம். நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், தேதியெல்லாம் இன்னிக்கே குறிச்சு வைங்க. ஆனா புகார் அந்தப் பொண்ணு குடுக்கணும், அவகிட்ட கேக்காம நீங்களா ஓடாதீங்க.

"நேபாளி"ங்கறதுக்குதான் கஷ்டம். டெல்லில நிடோ தானியான்னு ஒரு அருணாச்சல் பையன் அடிபட்டு இறந்தப்புறம் 2014ல மத்திய அரசு போட்ட பெஸ்பருவா கமிட்டி, வடகிழக்கு மக்கள இப்படி இழிவா பேசறத தனி குற்றமாக்கச் சொல்லுச்சு, அந்த சட்டம் வரவே இல்ல. அதனால அங்க உங்க வாய்தான் வேணும்.

உஸ்மான்ரோடு_செல்வி:
நான் டி.நகர் ஜவுளிக்கடைல 11 வருஷம். நாள் முழுக்க நின்னு கால் வீங்கி கிடந்தோம், 2021ல உக்கார ஸ்டூல் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டம் திருத்தினாங்க, அப்பவும் எங்க கடைல ஸ்டூல் வரல. ஒருத்தியா போய் கேட்டவள குடோனுக்கு மாத்திட்டாங்க. அப்புறம் ஏழு பேரா கையெழுத்து போட்டு குடுத்தோம், ரெண்டு வாரத்துல வந்துச்சு. அதனால தனியா போகாதீங்கம்மா. மத்த பொண்ணுங்க சம்பளத்தையும் கேட்டு எழுதுங்க, அந்தப் பையனையும் கூப்பிடுங்க, கத்துக்குடுத்த நன்றி இருந்தா வருவான்.

கத்தரிக்கோல்:
ரொம்ப நன்றிக்கா. நேத்து மேனேஜர் மறுபடி "நேபாளி"ன்னாரு, "அவ பேரு லிங்க்பாய் சார்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், கை நடுங்குச்சு. அவர் ஒண்ணும் பேசல. ராத்திரி ரெண்டு பேரும் பஸ்ல வர்றப்ப அந்த கஸ்டமர் வந்த தேதியெல்லாம் அவளே போன்ல எழுதினா. பையன்கிட்ட நாளைக்கு பேசறேன்.