மின்குறைத் தாவல்: இரண்டிரண்டு நொடியாக நகரும் முள்ளுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் மின்கலம் தீரும் தறுவாயில் நொடிமுள் நொடிக்கு நொடி நகராமல், இரண்டு நொடிக்கு ஒருமுறை இரண்டு கோடுகளைக் கடந்து நிற்கிறதே, அந்த அறிகுறிக்கு ‘மின்கல ஆயுள் முடிவுச் சுட்டி’ என்னும் சொல் நம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது. பயனர் கையேட்டுக்கும் பழுதுபார்ப்போர் பயிற்சி நூலுக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இந்தச் சொல் நீளமாக இருப்பதோடு பொருளிலும் பிழைபடுகிறது என்பதால் இதை ஏற்கத் தயங்குகிறேன்.

கடிகாரத்தினுள் இசைக்கவை வடிவில் அமைந்த குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் இரண்டின் 15ஆம் அடுக்கு. ஆகவே மின்சுற்று அதனை 15 முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு மின்துடிப்பாகச் சிறு மோட்டாருக்கு அனுப்புகிறது. மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கியதைச் சுற்று கண்டுகொண்டதும், இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பிவிட்டு ஓய்கிறது. படிகத்தின் அதிர்வெண் மாறாததால் கடிகாரம் அப்போதும் சரியான நேரத்தையே காட்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தவே முள் இவ்வாறு நகர்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். நிமிடத்துக்கு முள் எடுத்துவைக்கும் அடிகள் அப்போதும் அறுபதுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அணிந்திருப்பவரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வகுக்கப்பட்ட அறிவிப்பு இது.

இனி ‘ஆயுள் முடிவு’ என்பதற்கு வருவோம். சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் கைக்கடிகாரங்கள் பலவற்றிலும் இதே இரண்டு நொடி நகர்வு உண்டு. அங்கே எதன் ஆயுளும் முடிவதில்லை. கடிகாரத்தைச் சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்தால் முள் பழைய நடைக்குத் திரும்பிவிடும். அணிந்திருப்பவரின் கையசைவால் மின்னேற்றம் பெறும் குவார்ட்ஸ் கடிகாரங்களிலும் இதே நிலைதான். ‘ஆயுள் முடிவு’ என்று கையேட்டில் படிப்பவர், வெயிலில் வைக்க வேண்டிய கடிகாரத்தைப் பின்மூடி திறக்கக் கொண்டுபோவார்.

மின்கலம் மாற்றும் கடிகாரங்களிலும் அந்தச் சொல் எப்போதும் பொருந்துவதில்லை. சில்வர் ஆக்சைடு மின்கலம் 1.55 வோல்ட் அளவில் ஏறக்குறைய இறுதிவரை நிலையாக நின்று, பிறகு விரைந்து சரியும். அதனால்தான் அதன் சரிவைக் கொண்டு முன்கூட்டியே எச்சரிக்க முடிகிறது. 6.8 மி.மீ. விட்டமும் 2.6 மி.மீ. தடிமனும் கொண்ட எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்னும் சில்வர் ஆக்சைடு மின்கலத்துக்குப் பதிலாக, அதே அளவுள்ள எல்ஆர்626 என்னும் ஆல்கலைன் மின்கலத்தைப் போட்டுவிட்டால், அதன் மின்னழுத்தம் தொடக்கம் முதலே மெல்லமெல்லக் குறைந்துகொண்டு வரும். அப்போது மின்கலத்தில் இன்னும் மின்சாரம் எஞ்சியிருக்கும்போதே முள் இரண்டிரண்டாக நகரத் தொடங்கிவிடலாம். ஆக, இந்த அறிகுறி உணர்த்துவது மின்னழுத்தக் குறைவை மட்டுமே.

இக்காரணங்களால் ‘மின்குறைத் தாவல்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். பழுதுபார்ப்பவரிடம் வருவோர் “முள் ரெண்டு ரெண்டா குதிக்குது” என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ‘குதிப்பு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆயினும் குதிப்பது நின்ற இடத்திலேயே நிகழலாம். தாவுவது ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்வது. குரங்கு கிளைக்குக் கிளை தாவுவதுபோல முள்ளும் இங்கே இடையிலுள்ள கோட்டில் நில்லாமல் அடுத்ததற்குப் போகிறது. இணைய உலாவியின் ‘தாவல்’ (tab) என்பதோடு இது குழம்பாதா என்று சிலர் கேட்கக்கூடும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதால் அதை நான் பெரிதாகக் கருதவில்லை.

தாவலையும் துடிப்பையும் பிரித்துக் காட்டுவதுதான் முதன்மையானது என்று எனக்குப் படுகிறது. சில கடிகாரங்களில் முள் எங்கும் போகாமல் ஒரே கோட்டில் நின்று துடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒன்பதை ஒட்டிய இடத்தில், புவியீர்ப்பை எதிர்த்து மேலேற மாட்டாமல் நடுங்குவதைக் காணலாம். மின்துடிப்பு வருகிறது, ஆனால் மோட்டாரின் சுழலியைத் திருப்ப அதற்கு வலு போதவில்லை, அல்லது பற்சக்கரங்களில் அழுக்கும் உலர்ந்த எண்ணெயும் தடையாக இருக்கின்றன. முன்னதற்கு மின்கலம் மாற்றினால் போதும், பின்னதற்குப் பொறியையே கழற்றித் துப்புரவு செய்ய வேண்டும். தாவல், துடிப்பு ஆகிய இரண்டு நிலைகளையும் ‘முள் தடுமாற்றம்’ என்று ஒரே தலைப்பில் அடக்கிய பயிற்சி நூல் வரைவு பயிற்சி பெறுவோரைத் தவறான வழியில் செலுத்தும். இரண்டாவதற்கு ‘நிலைத்துடிப்பு’ எனலாம்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதியுள்ள விளக்கம் இது: “மின்குறைத் தாவல்: மின்னழுத்தம் குறைந்துள்ளதை உணர்த்தும்பொருட்டு, நேரம் பிழையாமல் நொடிமுள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நொடிகளை ஒருசேரக் கடக்கும் நகர்வு.” நான்கு நொடிக்கு ஒருமுறை நகரும் கடிகாரங்களும் இருப்பதால் எண்ணைச் சொல்லினுள் சேர்க்கவில்லை. ‘மின்குறை’ என்பதைவிடக் ‘குறைமின்’ என்பது ஓசைக்கு இணக்கமாக இருக்கும் என்று கருதுவோர் இருந்தால், காரணத்தோடு எழுதுங்கள். ‘தாவல்’ நிலைக்குமாயின் முன்னொட்டில் எனக்குப் பிடிவாதம் இல்லை.