ஒரே செட், இரண்டு வகை டைவிங்: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

அருண்: சித்தப்பா, சொந்தமாக ஸ்கூபா சாமான் வாங்கப் போகிறேன். இப்போதைக்குச் சாதாரண டைவிங்தான். பின்னால் டெக்னிக்கல் பக்கம் போகும் எண்ணமும் உண்டு. இரண்டுக்கும் ஆகிற மாதிரி பட்டியல் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அருண்: (படம்)

செல்வம் சித்தப்பா: பார்த்தேன். ட்வின்செட் என்ற இரட்டைச் சிலிண்டர், பெரிய விங் (முதுகில் காற்று அடைத்து மிதக்க வைக்கும் பை), 2.1 மீட்டர் ஹோஸ் (காற்றுக் குழாய்), மூன்று ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தருவது). பெண் பார்க்கும் முன்பே தொட்டில் வாங்குகிறாயே தம்பி!

பெரியம்மா: டெக்னிக்கல் என்றால் என்ன? தண்ணீருக்குள் போய் ரிப்பேர் வேலையா?

பிரியா அக்கா: இல்லை பெரியம்மா. சாதாரண டைவிங்கில் 40 மீட்டர்தான் எல்லை. ஏதாவது கோளாறு என்றால் மெதுவாக நேரே மேலே வந்துவிடலாம். டெக்னிக்கலில் அப்படி வர முடியாது. வழியில் நின்று நின்று, உடம்பில் சேர்ந்த வாயு வெளியேறிய பிறகுதான் வர வேண்டும். கோளாறு வந்தால் கீழேயே சமாளித்தாக வேண்டும். அதனால்தான் எல்லாம் இரண்டிரண்டு.

பெரியம்மா: சாதாரணமே போதும் அருண்.

அருண்: பெரியம்மா, அது இன்னும் ரொம்ப நாள் கழித்து!

செல்வம் சித்தப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். முதுகில் சிலிண்டரைத் தாங்கும் பேக்பிளேட், அதை உடம்போடு கட்டும் பட்டையான ஹார்னஸ், ரெகுலேட்டர், இதெல்லாம் கடைசிவரை கூட வரும். இவற்றை இப்போதே நல்லதாக வாங்கு. சிலிண்டர், விங், நீள ஹோஸ் எல்லாம் டைவைப் பொறுத்து மாறும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அருண்: மிதப்பைச் சரிசெய்யக் காற்று அடைக்கும் ஜாக்கெட் பிசிடி வேண்டாமா? பொருள் வைக்கப் பை எல்லாம் இருக்கிறது, வசதியாகத் தெரிகிறது.

பிரியா அக்கா: சாதாரண டைவிங்குக்குக் குறையில்லை. ஆனால் ட்வின்செட் மாட்ட முடியாது, அப்போது மொத்தமாக மாற்ற வேண்டிவரும். பேக்பிளேட்டில் 11 அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும், ட்வின்செட்டின் போல்ட் அதில் நேராக உட்காரும். ஒற்றைச் சிலிண்டருக்கும் அதே பிளேட்தான், விங் மட்டும் வேறு. எஃகு பிளேட் என்றால் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். இடுப்பில் கட்டும் ஈயம் அந்த அளவுக்குக் குறையும்.

அருண்: அப்படியானால் பெரிய விங் ஒன்றை வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறேனே?

செல்வம் சித்தப்பா: கூடாது. ஒற்றைச் சிலிண்டரில் பெரிய விங் போட்டால் இரண்டு பக்கமும் மேலே மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். மடிப்பில் காற்று மாட்டிக்கொண்டால் வெளியேற்றுவது பெரும்பாடு. ஒற்றைக்கு 13 முதல் 15 கிலோ தூக்கும் விங் பெரும்பாலும் போதும்.

அருண்: சரி. ரெகுலேட்டர்?

செல்வம் சித்தப்பா: டின் (DIN) வகை வாங்கு, யோசிக்கவே வேண்டாம். வால்வுக்குள் திருகி இறுக்குவது அது, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் ரெகுலேட்டரிலேயே இருக்கும். யோக் என்பது வால்வின் மேல் கவ்விப் பிடிப்பது. எங்காவது பலமாக இடித்தால் அசைந்து கசிய வாய்ப்பு உண்டு, 232 பார் அழுத்தத்துக்கு மேல் ஆகவும் ஆகாது. வாடகைக்குக் கிடைப்பது யோக் சிலிண்டராக இருந்தால் ஒரு அடாப்டர் போட்டுக்கொள். குளிர்ந்த நீருக்கு ஏற்ற, சீல் செய்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜாக (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதி) பார். ஒன்று வாங்கும்போதே, நாளைக்கு அதே மாடல் இன்னொன்று கிடைக்குமா, அதைச் சர்வீஸ் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிடு. விளம்பரத்தைவிட இதுதான் முக்கியம்.

பிரியா அக்கா: ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டும் கலவைக்குப் போகும்போது, அதற்கென்றே சுத்தம் செய்த ரெகுலேட்டர் தனியாக வேண்டும். இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

அருண்: எப்போது, எப்படி மேலே வரலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டரும் ட்ரைமிக்ஸ் (ஹீலியம் சேர்த்த கலவை) வரை கணக்குப் போடுவதாக வாங்கிவிடவா?

செல்வம் சித்தப்பா: வாங்கிவிடு. அடிக்கடி மாற்றும் பொருளா அது?

பிரியா அக்கா: எனக்கு உடன்பாடில்லை சித்தப்பா. நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) மட்டும் தெரிந்த எளிய கம்ப்யூட்டர் இப்போது போதும். பின்னால் பெரியது வாங்கினால் இது இரண்டாவதாகக் கையில் இருக்கும். எப்படியும் இரண்டு வேண்டுமே!

செல்வம் சித்தப்பா: அதுவும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி கணக்குப் போட்டால்தான் கீழே குழப்பம் வராது. எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்லும் கிரேடியன்ட் ஃபேக்டரை நாமே அமைக்கக்கூடியதாக இருந்தால் எளியதே வாங்கட்டும்.

அருண்: நீள ஹோஸ் வேண்டவே வேண்டாமா?

பிரியா அக்கா: 2.1 மீட்டர், குகை மாதிரி குறுகலான இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நீந்திக்கொண்டே காற்றைப் பகிர்வதற்காக வந்தது. உனக்கு இப்போது 1.5 மீட்டர் போதும். வலது அக்குளுக்குக் கீழே வந்து, மார்பின் குறுக்கே ஏறி, கழுத்தின் பின்னால் சுற்றி வாய்க்கு வரும். ஆபத்தில் உன் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிடுவாய். கழுத்து ரப்பரில் தொங்கும் இன்னொன்று உனக்கு. இந்தப் பழக்கம் இரண்டு வகை டைவிங்குக்கும் ஒன்றுதான்.

செல்வம் சித்தப்பா: இன்னொன்று அருண். படத்தில் பிரஷர் கேஜின் (சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டுவது) கொக்கியை இரும்பு வளையம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அப்படி வாங்காதே. கொக்கியை நைலான் கயிற்றால் கட்டு. சிக்கினால் கத்தியால் அறுத்துவிடலாம், இரும்பை அறுக்க முடியாது.

பெரியம்மா: கத்தி வேறா!

அருண்: சின்னதுதான் பெரியம்மா. சரி, பிளேட், ஹார்னஸ், சின்ன விங், டின் ரெகுலேட்டர் ஒரு செட், எளிய கம்ப்யூட்டர். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு)?

பிரியா அக்கா: விறைப்பான, ஸ்பிரிங் பட்டை வைத்தது. நடுவில் பிளந்த ஃபின் வேண்டாம், பின்னால் நீந்தவும் நின்ற இடத்தில் திரும்பவும் அது ஒத்துழைக்காது. பூட்ஸை மாட்டிக்கொண்டு போட்டுப் பார்த்து வாங்கு.

அருண்: நாளைக்குத் தண்ணீர் புகாத டிரை சூட் வந்தால் அதன் பூட்ஸ் பெரிதாக இருக்குமே?

செல்வம் சித்தப்பா: அப்போது ஃபின் அளவு மாறத்தான் செய்யும். இப்போதைய காலுக்கு வாங்கு.