கடையில் திருட்டுப் பழி: எழுதிக் கொடுக்கச் சொன்னால்?

காட்பாடிக்காரன்: வேலூர் கடையொன்றில், பில் போடாத பொருள் பையில் இருந்ததுன்னு உள்ளறையில் உட்கார வைத்து, "எழுதிக் குடு, பத்து மடங்கு கட்டு" என்றால் என்ன செய்வது?

சட்டம்_சாரதி: எழுதவே கூடாது. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. கடைக்காரரிடம் எழுதியது ஆகலாம். பத்து மடங்கு வசூலிக்கக் கடைக்கு அதிகாரமில்லை. பொருளுக்குக் காசு தர்றேன், பில் போடுங்கன்னு சொல்லுங்க. மறந்து போவது திருட்டல்ல, கெட்ட எண்ணம் வேண்டும்.

5,000 ரூபாய்க்குக் கீழான சாதாரணத் திருட்டு (பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 303) ஜாமீனில் விடக்கூடியது, வாரண்டில்லாமல் போலீசே கைது செய்ய முடியாது. ஆனா பொருள் வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டுன்னு 305-வது பிரிவைப் போட்டால் ஜாமீன் கஷ்டம். எஃப்.ஐ.ஆர். நகலில் பிரிவைப் பாருங்க.

சத்துவாச்சாரி அக்கா: பூட்டி வைத்தால் 100-க்கு அடிங்க, அது பி.என்.எஸ். 127-ன்கீழ் குற்றம். பெண்ணைப் போலீஸ் சோதித்தாலும் இன்னொரு பெண்தான் செய்யணும்.

சிசிடிவி பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும். அன்றைக்கே தேதி, நேரம், பில் கவுண்ட்டர் குறிப்பிட்டு, பதிவை அழிக்காதீங்கன்னு கடைக்குப் பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்க. இதைத்தான் பலரும் விடுறாங்க. இலவச வக்கீலுக்கு 15100-க்கு அடிங்க.