“அப் தேர், கசாலி!”

கவின்: பெரியப்பா, பந்துக்காக நான் எம்பும்போதெல்லாம் எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கோச் “அப் தேர், கசாலி!” (மேலே எம்பு, கசாலி!) என்று கத்துகிறார். யார் அந்தக் கசாலி?

பெரியப்பா: ராய் கசாலி. 1893இல் இங்கே மெல்பர்னில், ஆல்பர்ட் பார்க்கில் பிறந்தவர். 1911இல் செயின்ட் கில்டா அணியின் ஆட்டக்காரர்கள் நிர்வாகத்தோடு மோதி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளில்லாமல் தவித்த அணி புதியவர்களை இறக்கியது. அப்படி உள்ளே வந்தவர்.

மீனா அத்தை: அடுத்தவர் சண்டையில் கிடைத்த இடம் என்று சொல்லுங்கள் அண்ணா 😄

பெரியப்பா: கிடைத்தது அப்படித்தான். தக்கவைத்தது அவருடைய கால்கள். உயரம் 180 செ.மீ. தான், மோதியதோ தன்னைவிட நெடிய ரக் ஆட்டக்காரர்களோடு, அதாவது நடுவர் மேலே போடும் பந்துக்கு எம்புகிறவர்களோடு. வீட்டுக் கொட்டகையில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு எம்பி எம்பிப் பழகினார். குதிக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்தால் உடம்பு இன்னும் மேலே போகும் என்று நம்பினார்.

சுதா: அது உண்மையா அத்தான்?

பெரியப்பா: அறிவியல் ஒப்புக்கொள்ளாது சுதா. ஆனால் பந்து அவர் கைக்குத்தான் போனது.

கவின்: முதலில் கத்தியது யார்?

பெரியப்பா: 1921இல் சவுத் மெல்பர்ன் அணிக்கு மாறினார். அங்கே ஃப்ரெட் ஃப்ளைட்டர், மார்க் டாண்டி, இவர் மூவரும் ரக்கில் கூட்டாளிகள். பந்து மேலே எழுந்ததும் ஃப்ளைட்டர் போட்ட சத்தம் அது. ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கும் அதுவே போர்முழக்கம். 1979இல் பாட்டாகவும் வந்துவிட்டது. பாட்டைத் தெரிந்தவர்களுக்கு ஆட்டக்காரரைத் தெரியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

மீனா அத்தை: மொத்தம் எத்தனை ஆட்டம்?

பெரியப்பா: செயின்ட் கில்டாவுக்கு 99. சவுத் மெல்பர்னுக்கும் 99.

சுதா: ஐயோ, ஆளுக்கு ஒன்று சேர்த்து ஆடியிருக்கக் கூடாதா!

பெரியப்பா: ஆட்டத்தை எங்கே விட்டார்? டாஸ்மேனியாவிலும் பிற இடங்களிலும் 1941 வரை களத்தில் இருந்தார். அப்போது வயது 48.

மீனா அத்தை: 48ஆ! நம் வீட்டு ஆண்கள் அந்த வயதில் சோபாவை விட்டு எழுந்ததில்லை.

பெரியப்பா: இதைப் படிக்காததுபோல் மேலே போகிறேன். 1942இல் ஹாதார்னுக்குப் பயிற்சியாளர் ஆனார். அதுவரை ‘மேப்ளூம்ஸ்’ என்று பூவின் பெயரில் இருந்த அணிக்கு ‘ஹாக்ஸ்’ (பருந்துகள்) என்ற பெயரைச் சொன்னதும் அவர்தான் என்பார்கள்.

கவின்: என் அணியா? பூவா??

மீனா அத்தை: சனிக்கிழமை ஆட்டத்துக்கு உனக்கு மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டு வருகிறேன், கண்ணா.