மஞ்சக் கடுதாசிக்குக் கணக்கு எழுதினவங்க யாராவது இருக்கீங்களா?

மஞ்சிமில் கணக்கன், கொழிஞ்சாம்பாறை

2016 திவால் சட்டத்தில் கம்பெனி தானே மனு போடுகிற பிரிவு 10, அதற்கான படிவம் 6 எல்லாம் இங்கே பாதிப் பேருக்கு மனப்பாடம், அதனால் விளக்கவில்லை. நான் பதினோரு வருஷம் கணக்கு எழுதியது மஞ்சி (தேங்காய் நார்) மில், பிரைவேட் லிமிடெட். சீனா ஆர்டர் நின்ற பிறகு ரெண்டு வருஷம் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, பேங்க் போடுவதற்குள் நாமே மனு போட்டுவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். கோயம்புத்தூர் வக்கீல் ஒருவர் என்னென்ன வேண்டும் என்று அனுப்பினார். ரெண்டு வருஷ ஆடிட் கணக்கு, மனுத் தேதிக்கு 14 நாளுக்கு மேல் பழசாகாத நடப்புக் கணக்கு, சொத்து விவரம், கடன் கொடுத்தவர்கள் பட்டியல் விலாசத்தோடு, யாரிடம் என்ன ஈடு, யார் ஜாமீன், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம். அவருடைய முதல் வரைவில் கம்பெனித் தீர்ப்பாயத்தின் சென்னை பெஞ்ச் என்று இருந்தது. பதிவு அலுவலகம் கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம், கொச்சிதான் சார் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அது போகட்டும்.

பேங்குக்கு மாசாமாசம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருப்பு 62 லட்சம். சரக்கைக் காட்டி வாங்கும் சிசி கடன் லிமிட்டைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி எழுதி வந்த எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு லோடுமேனும் குடோனில் எண்ணினோம். நார் பேல் எல்லாவற்றுக்கும் நல்ல விலை போட்டும் 11 லட்சத்தைத் தாண்டவில்லை. பின்பக்கம் பித் (அழுத்திய நார்த்தூள்) கட்டி அடுக்கிய இடத்தில் கூரை ஒழுகியிருக்கிறது. தண்ணீர் பட்ட 5 கிலோ கட்டி என்ன செய்யும் என்று தெரியும்தானே, பொங்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு, ஷட்டரை உள்ளேயிருந்து வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நின்றது. "கடைசியா ஒருக்கா அதே நெம்பரையே போட்டுருங்க தம்பி" என்றார் முதலாளி. வக்கீல் 77 என்று பிரிவு எண்ணை மட்டும் சொன்னார், மனுவில் தெரிந்தே பொய் எழுதினால் சிறை 3 வருஷம் முதல் 5 வருஷம் வரை. முதலாளி அப்புறம் பேசவில்லை.

ஆனால் மனசை அரிப்பது அது இல்லை. 2018ல் சம்பளம் போட வழியில்லாத மாசம் முதலாளியின் அக்கா 40 பவுனைக் கழற்றிக் கொடுத்தார். அதை முதலாளி தன் பெயரில் அடகு வைத்து, வந்த பணத்தைக் கம்பெனி அக்கவுண்டில் கட்டினார். நான் டேலி கணக்கு சாப்ட்வேரில் 'இயக்குநர் கடன்' என்று ஒரே வரியில் போட்டு வவுச்சரும் அடித்துவிட்டேன். அன்றைக்கு மணி ஏழு, வீட்டுக்குப் போகிற அவசரம். இந்தப் பட்டியல் அடித்து முடித்த மத்தியானம் அக்கா தூக்குப்போசியில் தம்பிக்குச் சோறு கொண்டு வந்தவர், என் மேஜை பக்கத்தில் நின்று, "ஏனுங்க தம்பி, எம் பேரு எத்தனாவதா வருது?" என்று கேட்டார். மொத்தம் 37 பேர். அவர் இல்லை. 23வதாக முதலாளி பெயர்தான் இருந்தது. "பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன்.

செங்கோட்டை லாரி

எங்கள் கம்பெனியில் கணக்கர் எட்டு மாசச் சம்பளம் பாக்கியோடு நின்றுவிட்டார். டேலி பாஸ்வேர்டு அவரிடம். வீட்டுக்கே போய்க் கேட்டோம். "பட்டியல்ல மொத ஆளா எம் பேரையும் பாக்கியையும் எழுதி, சீல் வச்சுக் கொண்டாங்க அண்ணாச்சி, பாஸ்வேர்டு தாரேன்" என்றார். எழுதிக் கொண்டு போனோம். பாஸ்வேர்டு எங்கள் கம்பெனி பெயர்தான், கடைசியில் 123.

போடி ஏலக்கா

மேலே ரெண்டு பேரும் கம்பெனிக் கதை சொல்கிறீர்கள். தனி ஆள் கடைக்கும் பார்ட்னர்ஷிப் கடைக்கும் அந்த 2016 சட்டத்தின் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. எங்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து 1920 சட்டம், ஊர் கோர்ட், ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன்) மனு. ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இருக்கிறது, ஐந்நூறு ரூபாய் இன்றைக்கு எந்த மூலைக்கு. தலைப்பில் மஞ்சக் கடுதாசி என்று போட்டதால் சொன்னேன்.

கடை என் மச்சினனுடையது. 2019ல் இடுக்கிப் பக்கம் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 வரைக்கும் போனதே, அந்த ருசியில் வாங்கி வைத்தவன். அப்புறம் மூணு வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. மலை மேலே வண்டன்மேடு பக்கத்து விவசாயிகள் துண்டுச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு நம்பிக் காய் போட்டவர்கள். மனுவில் கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பேரும் இருப்பிடமும் வேண்டும் என்று வக்கீல் சொன்னார், மச்சினன் நோட்டை எடுத்தால் 'மீசை சேட்டன்', 'ஜீப்புக்காரர்', 'ரெண்டாம் வளைவு டீச்சர் வீடு'. இதை எந்தக் கோர்ட் ஏற்கும்? அவனுக்கு மேலே போக முகமில்லை, நான் போனேன்.

மீசை சேட்டன் வீட்டில் கட்டங்காப்பி கொடுத்தார். முழுப் பேர் வேண்டும் சேட்டா என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, நோட்டை வாங்கி, வீட்டுப்பேர், அப்பா பேர், தபால் ஆபீஸ், பின்கோடு வரைக்கும் மலையாளத்தில் மணிமணியாக எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "செக் ஏது தேதி இடும்?" என்று கேட்டார். 2,16,000 ரூபாய் அவருக்கு. செக் வரப்போகிறது, அதற்குத்தான் பேர் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் அந்தக் காப்பியைக் குடித்து முடித்தேன், அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. இருபது நாளில் அவருக்குச் செக்குக்குப் பதில் கோர்ட் நோட்டீஸ் போனது, அவர் கையால் எழுதிய அதே விலாசத்துக்கு, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

நகரி நூல்காரர்

போடிக்காரர் உருக்கமாக எழுதியிருக்கிறார், ஆனால் நோட்டீஸ் வாங்குகிற பக்கம் உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் வேறு மாதிரித் தெரியும். எங்கள் பக்கம் தெலுங்கில் 'ஐ.பி. பெட்டாடு' (ஐ.பி. போட்டான்) என்றால் நஷ்டப்பட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏமாற்றிவிட்டான் என்றே அர்த்தம். மச்சினன் ஏன் தானே மேலே ஏறிப் போகவில்லை? முகமில்லை என்றால் வாங்கும்போது மட்டும் இருந்ததா?

என் கதை: நான் பள்ளிப்பட்டில் இருந்து நகரிக்குத் தறி நூல் போடுபவன். பார்ட்டி கம்பெனி ஆந்திராவில் பதிவு, அதனால் கேஸ் அமராவதி பெஞ்ச். மனு ஏற்றதும் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், போட்டார்கள், ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு தெலுங்குப் பேப்பர். நூல் போட்ட பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ்நாட்டுப் பக்கம், தெலுங்கு பேசுவோம், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பாக்கியைக் கோருவதற்கான 14 நாள் கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 90 நாள் வரைக்கும் தரலாம் என்று ஒருவர் சொல்லி, ஓடிப் போய்ச் சரக்குப் போட்டவர்களுக்கான படிவம் பி கொடுத்தேன். அப்புறம்தான் கம்பெனி கொடுத்த பட்டியலையே பார்த்தேன்: என் பாக்கி 3,40,000, அதில் 34,000. ஒரு சைபர். "டைப்பிங் மிஸ்டேக் அண்ணா" என்கிறான் அவர்கள் கணக்குப் பையன். எனக்கு வர வேண்டிய சைபர் மட்டும் எப்படித் தவறுகிறது, பேங்க் பாக்கியில் பைசா வரைக்கும் சரியாக இருந்ததே.

போடி ஏலக்கா

நகரி அண்ணா, மச்சினன் அந்த வாரம் படுக்கையில் கிடந்தான், ஏன் என்று இங்கே எழுத மாட்டேன். ஏமாற்றுகிறவன் மனுவில் பட்டியல் சின்னதாக இருக்கும். எங்கள் பட்டியலில் டீக்கடை 8,000 ரூபாய்கூட இருந்தது, டீக்கடைக்காரர் "என்னய ஏன்டா கோர்ட்டுக்கு இழுத்த" என்று சண்டைக்கு வந்தார்.

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, பாலக்காடு

நானும் ஒரு மனுவுக்குக் கணக்கு தயார் செய்திருக்கிறேன், கஞ்சிக்கோடு ஸ்டீல் யூனிட். விவரம் தெரியாததைப் போட்டு வைக்கிற சஸ்பென்ஸ் அக்கவுண்டில் 19 லட்சம் கிடந்தது, என்ன என்று கேட்டால் முதலாளி சிரித்தார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளைக்கு இதே வேலையில் உட்காரலாம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் டேலியைத் தொடாதீர்கள். பேக்கப் எடுத்து ரெண்டு பென்டிரைவில் வைத்து, ஒன்றை முதலாளிக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். பழைய தேதியில் ஒரு என்ட்ரி போட்டால்கூடப் பின்னால் வருகிற ஆள் கண்டுபிடிப்பார். பேங்க் ஸ்டேட்மெண்ட் குறைந்தது மூணு வருஷம், வரிக்கு வரி டிக் அடியுங்கள். சொந்தக்காரர், சகோதர கம்பெனி இவர்களுக்குக் கடைசி 2 வருஷத்தில் போன பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவர்களுக்கு 1 வருஷம். மூழ்கப் போகிறோம் என்று தெரிந்து மாமனார் கடனை மட்டும் அடைத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள், நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சப்ளையருக்கு 180 நாளாகப் பணம் கொடுக்காத பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டைத் திருப்பியிருக்க வேண்டும், யாரும் திருப்பியிருக்க மாட்டார்கள், அது வட்டியோடு இன்னொரு கடன், பட்டியலில் சேருங்கள். பிஎஃப் பாக்கியை ஒளிக்கவே ஒளிக்காதீர்கள். கலைப்பு என்று போனால் தொழிலாளியின் 24 மாசச் சம்பளப் பாக்கி, ஈட்டை விட்டுக்கொடுத்த பேங்கோடு சமமாக நிற்கும், ஆகவே வருகைப் பதிவேடு முக்கியம், கரையான் அரிக்க விடாதீர்கள். கம்பெனி வேறு யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் வர வேண்டும். பாக்கி ஒப்புதல் கடிதம் எல்லோரிடமும் கேளுங்கள், பாதிப் பேர் தர மாட்டார்கள், கேட்டதற்கு அத்தாட்சி வையுங்கள். நகரி அண்ணா கேஸில் இந்தக் கடிதம் போயிருந்தால் அந்தச் சைபர் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை அண்ணன் கேஸைப் பொறுத்தவரை, முதலாளி கொடுத்த கடன் பட்டியலில் வரும், ஆனால் அவர் சம்பந்தப்பட்ட ஆள் என்பதால் கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டு கிடையாது. அக்கா கொடுத்தது தம்பிக்கு, கம்பெனிக்கு இல்லை. புக் என்ட்ரி சரிதான். அதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

செங்கோட்டை லாரி

தம்பி, கதை ரெண்டு வரி, பாடம் ரெண்டு பக்கம். யாரு கேட்டா?

மஞ்சிமில் கணக்கன், கொழிஞ்சாம்பாறை

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, 180 நாள் விஷயம் சரி, நாங்களும் விட்டிருந்தோம், நன்றி. ஆனால் என்ட்ரி சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. சரி என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அக்காவிடம் அஞ்சு நிமிஷம் ஒரு வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கி, நகையாகக் கொடுத்ததைக் கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்று எழுதிப் பணத்தை அவர் அக்கவுண்ட் வழியாகக் கொண்டு வந்திருந்தால் அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மனு ஏற்றாகிவிட்டது. கொச்சியில் இருந்து ஐஆர்பி, அதாவது கம்பெனியைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள நியமித்த ஆள், வந்து சாவி வாங்கிக்கொண்டார், நல்ல மனுஷன், குடோன் ஷட்டரைத் திறக்க மூணு பேர் வேண்டியிருந்தது. அக்கா, பணம் கடன் கொடுத்தவர்களுக்கான படிவம் சி கொடுத்தார். நான்தான் நிரப்பினேன். ஆதாரம் என்ற இடத்தில் அடகுச் சீட்டு ஜெராக்ஸ், அதில் தம்பி பேர். ஒன்றரை மாசம் கழித்து பதில் வந்தது, ரெண்டு பக்கம் இங்கிலீஷில். தொகை கம்பெனிக் கணக்குப்படி இயக்குநர் கொடுத்தது என்று முதல் பக்கம். ரெண்டாவது பக்கம் அதற்கு அத்தாட்சியாக என் வவுச்சரின் ஸ்கேன், கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து.

அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கவரைப் பிரிக்காமல் கோபாலபுரம் பஸ்ஸில் ஏறி என்னிடம் கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்குன்னு பாருங்க தம்பி" என்றார். நான் முதல் பக்கத்தை மட்டும் படித்துச் சொன்னேன்.