ஸ்கோடா கார் கம்பெனியோட கெட்ட பேர் எப்படி நல்ல பேரா மாறுச்சு?

80கள்ல பிரிட்டன்ல ஸ்கோடான்னாலே கிண்டல்தானாமே, இப்ப அதே பேருக்கு இவ்ளோ மரியாதை, நடுவுல என்ன ஆச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: ப்ரோ, கம்பெனி ரொம்பப் பழசு. 1895ல லாரின், க்ளெமென்ட்னு ரெண்டு பேர் இப்ப செக் நாட்டுல இருக்குற ம்லாடா போலஸ்லாவ் ஊர்ல சைக்கிள்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் மோட்டார்சைக்கிள், 1905ல கார், 1925ல பில்சன் நகரத்து ஸ்கோடா தொழிற்சாலையோட சேர்ந்த பிறகுதான் இந்தப் பேரே வந்துச்சு. உலகப்போருக்கு அப்புறம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1964ல வந்த பின்பக்க இன்ஜின் டிசைனையே வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே போனாங்க, பேர் கெட்டது அங்கதான்.

பதில்: அதுக்காக அந்தக் காரெல்லாம் குப்பைன்னா ஒத்துக்கவே மாட்டேன். 1977 மான்டி கார்லோ ரேலி கார் பந்தயத்துல ஸ்கோடாவோட 130 ஆர்எஸ் கார் தன்னோட கிளாஸ்ல (பிரிவுல) ஜெயிச்சுது, அதுக்கும் இன்ஜின் பின்னாடிதான்! 1987ல ஃபேவரிட்ங்கிற மாடல்ல இன்ஜின முன்னாடி கொண்டு வந்துட்டாங்க, டிசைன் இத்தாலி டிசைன் கம்பெனி பெர்டோனே, ஜெர்மன் கம்பெனி ஃபோக்ஸ்வேகன் ஸ்கோடாக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே இது நடந்துச்சு, இத யாரும் சொல்றதே இல்ல.

பதில்: கரெக்ட். 1991ல ஃபோக்ஸ்வேகன் உள்ள வந்தாங்க, 1996ல வந்த ஆக்டேவியா கார்தான் ஆளுங்க மனச மாத்துச்சு, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரோட பிளாட்ஃபார்ம் (அடிக்கட்டமைப்பு), டிக்கி அவ்ளோ பெருசு.

கேள்வி கேட்டவர்: ஃபேவரிட் கதை எனக்குப் புதுசு, ரொம்ப நன்றிங்க.