‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டால் ஒருவரும் வாயே திறப்பதில்லை

புதுலீட் எழுதியது:

டீம் லீடாகி எட்டு மாதம் ஆகிறது. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கிடங்குகளுக்கான சரக்கு இருப்பு மென்பொருள் செய்கிறோம். போன மாதம் ஒரு புதுத் திரை வெளியிட்டோம். சரக்கு போதுமான அளவு இருந்தால் பச்சைப் புள்ளி, தீரப்போகிறது என்றால் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் எழுத்து எதுவும் கிடையாது. யோசனை என்னுடையது. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமை வேறு.

கூட்டத்தில் காட்டிவிட்டு, “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியிட்ட பத்தாவது நாள், புள்ளிகளுக்குள் வித்தியாசமே தெரியவில்லை என்று இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து புகார். இருவருக்கும் சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடு. அன்று மாலை லிஃப்டில் எங்கள் டெஸ்டர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் அது ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

அந்தத் திரையை இரண்டு வாரம் சோதித்தவரே அவர்தான். எப்படிச் சோதித்தீர்கள் என்றேன். நிறத்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்துச் சரிபார்த்தாராம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றதற்கு, “நீங்க முடிவு பண்ணிட்டுத்தானே கேட்டீங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் கத்துகிற ஆள் இல்லை. லீவு கேட்டால் மறுத்ததில்லை. அப்படியிருந்தும் ஏன் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? உங்கள் டீமில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இரவு டியூட்டி எழுதியது:

தம்பி, நான் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். செவிலியர் வேலைக்கு வந்து 22 வருடம். இன்சார்ஜ் ஆன முதல் வருடம், என் வார்டில் மருந்து மாறிப்போனதாக ஒரு பதிவுகூட இல்லை. பூரித்துப்போனேன். தவறே நடக்காமல் இல்லை, எனக்குத் தெரியாமல் தங்களுக்குள்ளேயே சரிக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் இதைத்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். நல்ல குழுவாக இயங்கும் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். எண்ணிக்கை அங்கேதான் கூடுதலாக வந்தது. அங்கே அதிகம் தவறு செய்தார்கள் என்பதில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். படித்தபோது என் வார்டுப் பதிவேடுதான் கண்முன் வந்தது.

சிரித்துப் பேசுவது, லீவு கொடுப்பது எல்லாம் நல்லதுதான். நான் கேட்பது வேறு. கடைசியாக உங்களிடம் “இது சரிப்படாது” என்று சொன்னவர் யார்? அவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

புதுலீட் எழுதியது:

அக்கா, இதற்குப் பதில் எழுதுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஜூனியர், தரவு மாற்றும் வேலைக்கு இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று கூட்டத்திலேயே சொன்னார். “அப்புறம் பார்க்கலாம்” என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அப்புறம் பார்க்கவே இல்லை. அந்தப் பையன் இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து முடித்தார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்தில் பேசியதாக நினைவில்லை. மற்ற ஏழு பேரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

கறார் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். பரிவு என்ற பெயரில் கூட்டத்தை இரண்டு மணி நேரம் இழுக்காதீர்கள். எல்லாருடைய கருத்தையும் கேட்டுக் கடைசியில் முடிவே எடுக்காத மேனேஜரிடம் நான் நான்கு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். முடிவு உங்களுடையது, பழியும் உங்களுடையது.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள், போதும். “ஆட்சேபம் உண்டா?” என்றால், கை தூக்குகிறவன் உங்களை எதிர்க்கிறவன் ஆகிவிடுகிறான். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்ன முறை ஒன்று உண்டு. வேலை தொடங்கும் முன்பே, “ஆறு மாதம் கழிந்துவிட்டது, இது படுதோல்வி. ஏன் தோற்றது?” என்று கேட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். இப்போது குறை சொல்வதே கொடுத்த வேலை என்பதால் யாருக்கும் சங்கடமில்லை. உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் நீங்கள் பேசிவிட்டால் மிச்சமெல்லாம் ஆமாம் சாமிதான்.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்று இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் யார் கண்ணையும் நம்பியிருக்க வேண்டாம்.

கடைசி வரிசை எழுதியது:

கூட்டத்தில் பேசாதவர்கள் சார்பில் நானும் ஒன்று சொல்கிறேன்.

கறார் சொன்ன முறை நல்லது. ஆனால் கையால் எழுதச் சொல்லாதீர்கள். ஒன்பது பேர் டீமில் யார் கையெழுத்து எது என்று எல்லாருக்கும் தெரியும். பெயரில்லாமல் டைப் செய்யச் சொல்லுங்கள். திடீரென்று என் பக்கம் திரும்பி “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கும் லீடுகள் உண்டு. அந்த நேரத்தில் என் பெயரே எனக்கு மறந்துவிடும். எதைப் பேசப்போகிறோம் என்று முந்தைய நாளே அனுப்பினால் நானும் பேசுவேன்.

டெஸ்டர் விஷயத்தில் கவனம். அவர் உங்களிடம் சொன்னது லிஃப்டில், கூட்டத்தில் இல்லை. நல்ல எண்ணத்தோடு அவரை எழுப்பிவிட்டு, “இவருக்கு நிறம் தெரியாது, இவரிடம் கேட்போம்” என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு திரைக்கும் அவரைக் கூப்பிட்டுக் கண் பரிசோதனை நடத்துவார்கள். அவர் நல்ல டெஸ்டர். அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

புதுலீட் எழுதியது:

நல்லவேளை, கடைசி வரிசை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் செய்ய நினைத்திருந்ததே அதைத்தான்.

முதலில் ஜூனியரைத் தனியாகப் பார்த்து, அந்த மூன்று நாள் விஷயத்தில் தவறு என்னுடையது என்றேன். “பரவாயில்லை சார்” என்றார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சரி என்று அடுத்த மாத அட்டவணையைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அரை மணி நேரத்தில் நான்கு இடத்தில் தேதியை மாற்றினார். மூன்றை ஒப்புக்கொண்டேன். நான்காவதை ஏன் முடியாது என்று சொன்னேன், அதற்கும் பதிலுக்கு வாதாடினார்!

நேற்று எழுதும் முறையையும் செய்து பார்த்தோம், டைப் செய்துதான். எட்டுப் பேரிடமிருந்து பதினேழு காரணங்கள். ஐந்து எனக்குத் தோன்றவே தோன்றாதவை. ஒன்றில், “லீட் யோசனை சொன்னதும் எல்லாரும் சிரித்துத் தலையாட்டியதால் தோற்றது” என்று இருந்தது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் எனக்குக் கை பரபரத்தது உண்மை. விட்டுவிட்டேன்.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் இப்போது ‘இருக்கிறது’, ‘தீரப்போகிறது’ என்று எழுத்து வந்துவிட்டது. டெஸ்டர் சோதித்துவிட்டு, எழுத்து ரொம்பச் சின்னது என்று ஒரு பிழை பதிந்திருக்கிறார்.